சிவப்புப் பொட்டு வைத்த சட்டி

பிறைசூடிய பெருமானின் திருமகனே, வேலேந்திய வள்ளலே, முதற்சொல்லை உன் திருவடியில் வைக்கிறேன். இன்று தைப்பூச நன்னாள்.

பேர்ண் நகரில் மகள் வீட்டு அடுப்பிலிருந்து பால் காயும் மணம் எழுந்தபோதே என் மனம் டாவோஸ் என்னும் பனிமலை ஊருக்குப் போய்விட்டது, அன்பரே. தொண்ணூறுகளில் அங்கே, யூதச் சிறுவர்கள் பனிக்கால விடுமுறைக்கு வந்து தங்கும் இல்லமொன்றில் நான் பாத்திரம் கழுவினேன். பதிகம் பாடிப் பழகிய எனக்குச் சவர்க்கார நுரையே அவையாயிற்று.

இல்லத்தை நடத்திய றிவ்கா அம்மையார் சிறுவர்களைச் சமையலறையின் நீண்ட மர வாங்கில் இருத்தி, இறைச்சியும் பாலும் சேரலாகாது என்ற தம் சமய விதியைக் கற்பிப்பார். இறைச்சிப் பாத்திரங்களுக்குச் சிவப்புப் பொட்டு, பாற்பாத்திரங்களுக்கு நீலப் பொட்டு. கரண்டியொன்றை உயர்த்தினால், எந்தப் பக்கம் என்று பிள்ளைகள் கூவவேண்டும். இறைச்சி உண்டபின் மூன்று மணிநேரம் பாற்பண்டம் இல்லை. பால் சேர்ந்த சொக்லேட்டுக்காக அவர்கள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்திருந்ததும் ஒரு தவமே. பள்ளி விடுமுறையென்று நான் அழைத்துச் சென்ற என் ஏழு வயது மகளும் அந்த வாங்கிலிருந்து கூவுவாள்.

ஓராண்டுத் தைப்பூசத்தன்று நான் விரதம். எல்லாரும் பனியில் விளையாடப் போயிருந்தார்கள். தடிமன் பிடித்து மூக்கொழுகிய மகள் மட்டும் உள்ளே இருந்தாள். பால் காய்ச்சக் கைக்கு அகப்பட்டது சிவப்புப் பொட்டு வைத்த சிறிய எனாமல் சட்டி. இறைவனையே நீராட்டும் பால், கழுவித் துடைத்த சட்டியை என்ன செய்துவிடும் என்று எண்ணி, அதிலேயே பாலைக் காயவைத்தேன்.

“அப்பா! அது இறைச்சிச் சட்டி!”

“கழுவினதுதானே பிள்ளை. கத்தாதை.”

“அம்மா விரதச் சட்டியிலை மீன் காய்ச்சுவாவோ? கழுவிப்போட்டுக் காய்ச்சுவாவோ?”

எங்கள் வீட்டு விரதச் சட்டியில் மீன் மச்சம் பட்டால் என் மனைவி ஊரையே கூட்டிவிடுவாள். பாலைக் கொட்டிவிட்டுச் சட்டியைக் கவிழ்த்து வைத்தால் ஒருவரும் அறியார். சொன்னால் வேலை போகலாம். அகதி மனுவுக்குப் பதில் வராத எனக்கு அந்த வேலையே பிடிமானம்.

“சொல்லப்போறியளோ?” என்றாள்.

“ஓம்” என்றேன். எல்லாரும் திரும்பியதும் சட்டியை அம்மையாரிடம் நீட்டி, நடந்ததைச் சொன்னேன்.

றிவ்கா அம்மையார் சட்டியையே பார்த்தார். தம் சமயகுருவைத் தொலைபேசியில் கேட்டார். எனாமல் சட்டியை மீண்டும் தூய்மையாக்கப் பரிகாரம் இல்லையாம்.

“நீ சொல்லாமல் விட்டிருந்தால், நான் இதிலை பிள்ளையளுக்குச் சமைச்சிருப்பன்” என்று ஜெர்மன் மொழியில் சொன்னார். பிறகு, “நாளைக்கும் நேரத்துக்கு வேலைக்கு வா” என்றார்.

மறுநாள் பாடத்தில் அந்தச் சட்டியை உயர்த்தினார். சிலர் இறைச்சி என்றார்கள், சிலர் பால் என்றார்கள். “ரெண்டுமில்லை, எங்கடை அப்பான்ரை சட்டி!” என்று தமிழிலேயே கூவினாள் என் மகள். பின்னர் அச்சட்டி மண் நிரம்பி, ஜெரானியம் பூத்துச் சாளரத்தில் இருந்தது.

அம்மையார் இன்று இல்லை. இல்லம் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். அந்த வாங்கும், அதிலிருந்து கூவிய குரல்களும் எங்கோ போயின. மகள் பாற்சட்டியை இறக்கி வைக்கிறாள். அதன் பிடியில் ஒரு நீலப் பொட்டு.

வாசித்த யாவர் வீட்டிலும் பாலும், அதைக் காய்ச்ச மாசற்ற சட்டியும், தவறினால் தடுக்க ஒரு பிள்ளைக்குரலும் என்றும் இருக்க வேலவன் அருள்க.