எதிராளி எழுந்து போய்விட்டார்

என் கல்யாணப் பந்தியில் மாமனார் பாதியில் எழுந்துவிட்டார். இனிப்பைத் தொட்டவர் சாம்பாரைத் தொடவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நேரே மண்டபத்துக்கு வெளியே போய் நின்றார். பெண்ணைப் பெற்றவர் நின்று உபசரிக்கிற பந்தியில் சம்பந்தி பாதியில் எழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அப்பா காரணம் கேட்கவில்லை, மாமனார் சொல்லவும் இல்லை. அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

மாமனார் வீடு புதுப்பட்டினம். மாதச் சம்பளத்தில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். அப்பா கருங்குழியில் நெல் பயிரிட்டதோடு, ஜி.எஸ்.டி. ரோட்டோரம் வேன் வாடகைக்கு விடும் ஆபீசும் வைத்திருந்தார். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது நான். இரண்டாயிரத்துகள் முடியும் தறுவாயில் எனக்கு ஏழாம் மாதம் நெருங்கியது. தாய்வீட்டார் வந்து வளையல் அடுக்கி அழைத்துப் போக வேண்டும்.

"அந்தாளு வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றார் அப்பா.

"பொண்ண பெத்தவரு வந்து கூப்புட்டாதான் அனுப்புவோம்" என்றார் மாமனார்.

அப்பா வராமல் எனக்கு எதற்கு வளைகாப்பு? ஆத்திரமும் அழுகையுமாக வந்தது.

அழுது என்ன ஆகப்போகிறது என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அதுதான் என் பிழைப்பு. அதுவரை இணையத்தில் கேட்டால்தான் பதில். உலாவி கேட்கும், சர்வர் சொல்லும், அத்தோடு சரி. எங்கள் சம்பந்திகளைப் போல, முதலில் யார் வாயைத் திறப்பது என்பதில் முறை பார்க்கும். வெப்சாக்கெட் அப்போதுதான் வந்த புது ஏற்பாடு. தொடக்கத்தில் ஒருமுறை கைகொடுத்துக்கொண்டால் வழி திறந்தே இருக்கும், இரண்டு பக்கமும் நினைத்தபோது பேசலாம். பைத்தான் மொழியில் நிரல் எழுதுகிறவர்கள் எடுத்து ஒட்டிக்கொள்ள வசதியாக, இரண்டு பக்கத்துக்குமான ஆயத்த நிரல் தொகுப்பு, அதாவது லைப்ரரி, ஒன்றை ஆசை ஆசையாக எழுதிக்கொண்டிருந்தேன்.

அதைச் சோதிக்க, ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் இருந்தபடி இருவர் ஆடுகிற ஆடுபுலி ஆட்டம் ஒன்றைக் கட்டினேன். என்னோடு வேலை பார்க்கும் பையன்கள் படபடவென்று ஆடித் தள்ளினார்கள், ஒரு குறையும் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. "கருங்குழில எங்கப்பாவ ஜெயிக்க ஆளே இல்லியாம் மாமா" என்று இங்கே கொளுத்திப் போட்டேன். அப்பாவிடம் போனில் அதையே திருப்பிப் போட்டேன். கலகம் பிறந்தால்தானே நியாயம் பிறக்கும்?

ஞாயிற்றுக்கிழமை காலை மாமனார் எங்கள் கூடத்திலும் அப்பா வேன் ஆபீசிலும் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் புலி என்று மாமனார் எடுத்துக்கொண்டார். அப்பாவின் ஆடுகள் மெல்ல மெல்லப் புலிகளை மடக்கின. மாமனார் கன்னத்தில் கைவைத்து யோசித்தார். காபி ஆறியது, இன்னும் யோசித்தார். திடீரென்று திரையில் கட்டம் மறைந்து எழுத்து வந்தது: 'எதிராளி எழுந்து போய்விட்டார்.'

"இன்னாம்மா உங்கப்பா, நல்லா ஆடிக்கினு இருக்கசொல்ல எழுந்து பூட்டாரு?" என்றார் மாமனார். அதற்குள் என் செல் அலறியது. அப்பாதான்.

"பாத்தியா? அன்னிக்கி பந்தியில எழுந்தாரு, இன்னிக்கி ஆட்டத்துல எழுந்துட்டாரு!"

இரண்டு பேர் திரையிலும் ஒரே வாசகம். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கொஞ்ச நேரம் இரு பக்கமும் சத்தமில்லை என்றால் ஆள் போய்விட்டதாக வைத்துத் தொடர்பை அறுக்கச் சொல்லி நிரல் எழுதியிருந்தேன். யோசிக்கிறவரும் சும்மாதான் இருப்பார் என்று தோன்றவில்லை. அந்த வாசகமும் என் குசும்புதான்.

"யாரும் எழல நைனா. மாமா இங்கதான் குந்திக்கினு கீறாரு."

"பொய்யி. அவராண்ட குடு."

ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தேன். அப்பாதான் முதலில் பேசினார். "இன்னா சம்பந்தி, எழுந்துட்டீங்களா?"

மாமனார் செல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இல்லீங்க. யோசிச்சிக்கினு இருந்தேன்."

"அப்ப அன்னிக்கி பந்தியில?"

மாமனார் குரலைத் தாழ்த்தினார். "பல்செட்டுங்க. உங்க மைசூர்பாகுல மாட்டிக்கினு கழண்டு வந்துடுச்சி. அத்தினி பேரு முன்னால இன்னான்னு சொல்றது?"

மறுமுனையில் சத்தமே இல்லை. என் சர்வராக இருந்தால் அறுத்திருக்கும். பிறகு அப்பாவின் சிரிப்பு வெடித்தது. "அந்த மைசூர்பாக என்னாலயே கடிக்க முடியல சம்பந்தி!"

மாமனாரும் சிரித்தார். நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போது கேட்டால் தெரியாது.

லைப்ரரியை அன்றைக்கே திருத்தினேன். ஆட்டம் சும்மா கிடந்தால் சர்வர் 'இருக்கிறாயா' என்று ஒரு தட்டுத் தட்டும். மறுபக்கம் 'இருக்கிறேன்' என்று திருப்பித் தட்டும். அந்தப் பதில் வராவிட்டால்தான் அறுக்கும். விளையாடுகிறவர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படாது.

வளைகாப்புக்கு அப்பா வேன் நிறைய ஆட்களோடு வந்து வாசற்படியை நன்றாக மிதித்தார். பந்தியில் சம்பந்திகளுக்கு அடுத்தடுத்த இலை. இனிப்பு, அப்பா சொல்லிச் செய்யவைத்த கேசரி. மாமனார் குனிந்த தலை நிமிராமல் மென்றுகொண்டிருந்தார். சத்தமே இல்லை. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"சம்பந்தி, கீறீங்களா?"

"கீறேன், கீறேன்."

சாம்பார் முடிந்து ரசம் வந்தது. மறுபடி அப்பா பக்கவாட்டில் எட்டிப் பார்த்தார். "கீறீங்களா?"

நான் வளையல் குலுங்கச் சிரித்தேன். மாமனார் இலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "எங்க போவேன் சம்பந்தி? பாயசம் வரட்டும்."