நடு வாவியில் திரும்பிய பாதை

மகளின் பிரசவ விடுமுறை இந்தக் கிழமையோடு முடிகிறது. வேலையை விட்டுவிடப் போவதாக நேற்று மத்தியானச் சாப்பாட்டின்போது சொன்னாள். நான் ஆசிரியை, ஓய்வுபெற இன்னும் காலமிருக்கிறது. பிள்ளையை யார் பார்ப்பது?

எனக்கு என் அப்பாவின் நினைவு வந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கொடுத்தபின் பெற்றோர் அதே வளவில் சிறிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அம்மா இறந்தபின் அந்தச் சின்ன வீட்டில் அப்பா தனியே இருந்தார். இந்த மகள் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு வாவிக்கு அக்கரைப் பள்ளிக்கூடமொன்றில் நியமனம். பாலூட்டத் தினமும் ஒரு மணி நேரம் தரவேண்டும் என்றது சுற்றறிக்கை. வீட்டுக்குப் போய்வர அது போதாது. அதற்கு வழி கண்டவர் பிள்ளையின் அம்மப்பாவான என் அப்பா. ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். அதில் பிள்ளையைத் தோளில் போட்டு, கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு வருவார். மணி அடித்ததும் நான் துறைக்கு ஓடுவேன்.

ஒருநாள் பிள்ளை நல்ல நித்திரை. நான் கன்னத்தைத் தட்டப் போனேன்.

“நித்திரைப் புள்ளைய எழுப்பப்படாது, மகள்.”

“பசிக்குமே அப்பா.”

“பசிச்சா அவள் சொல்லுவாள்.”

நேரம் முடிந்தது. அவர்களை ஏற்றிக்கொண்டு பாதை புறப்பட்டது. நடு வாவியில் அவள் சொன்னாள். அந்தக் கத்தல் கரைவரை கேட்டது.

“அம்மப்பாட்டயா பால் இருக்கு? பாதையத் திருப்புங்க!” என்று மீன்காரியொருத்தி சத்தம் போட்டதும் கேட்டது.

சைக்கிள்கள், நெல்மூட்டைகளோடு அத்தனை சனமும் திரும்பி வந்தது. அப்பா குடைக்குள் முகத்தை மறைத்தபடி இறங்கினார். அன்று பாடத்துக்குப் பிந்தித்தான் போனேன். பள்ளிக்கூட அதிபர் ஒன்றும் கேட்கவில்லை. கத்தல் அவருக்கும் கேட்டிருக்கும்.

அவள் சோறு தின்னத் தொடங்கும்வரை அப்பா வந்துகொண்டிருந்தார். சுற்றறிக்கையில் தாய்க்கு ஒரு மணி நேரம் இருந்தது. அம்மப்பாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இதை நான் சொல்லி முடித்ததும், அண்மையில் பென்சன் எடுத்த என் கணவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

“உன்ட ஒபிசுக்கு எத்தனை மணிக்குப் புள்ளையக் கொண்டு வரவேணும்?”

மகள் அவரையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். “பத்தரைக்கு. நித்திரையெண்டா எழுப்பிப் போடுங்க, அப்பா.”

“அது ஏலா. நீ காத்துக்கொண்டிரு.”

வேலையை விடும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. இன்று காலை அவர் குடை வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். கறுப்புத்தான் வேண்டுமாம்.