கறுத்துப்போன திரை

எனக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதை மடிக்கணினி வாசித்துச் சொல்லும்; அதைக் கேட்டுத்தான் என் வாத்தியார் பிழைப்பு ஓடுகிறது. அன்று பத்து மணிக்குச் சாலவாக்கம் பள்ளியில் என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை. அச்செடுக்க வேண்டிய வினாத்தாள் மடிக்கணினிக்குள் இருந்தது. திறந்தால் பேச்சு மூச்சில்லை. புது விண்டோஸுக்கு மாறட்டும் என்று முந்தின நாள் பெரிய மனுஷன் மாதிரி சம்மதித்தவன் நான்தான்.

எல்லா விசையையும் தட்டிவிட்டு மனைவியைக் கூப்பிட்டேன்.

"ஸ்கிரீன்ல இன்னா போட்டுக்கீது, பாரு!"

"ஒண்ணியும் இல்லியே. கறுப்பா கீது."

போச்சு! தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கேள்விகளை வாயாலேயே சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். முதல் கேள்வியே ஞாபகம் வரவில்லை.

"செத்துப்போனது இப்டி சுடுமா? உள்ள ஃபேன் ஓடிக்கினு கீதுய்யா," என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. எனக்கெதற்கு வெளிச்சம், பேட்டரியாவது மிஞ்சட்டும் என்று வாங்கிய வாரமே திரையை அடியோடு மங்கவைத்திருந்தேன். அதற்கான விசையைத் தடவிப்பிடித்து அமுக்கினேன்.

"ஐய, வெளிச்சம் வந்துடுச்சு! இங்கிலீஷ்ல இன்னாமோ கேக்குது. கீழ 'ஓகே'ன்னு கீது."

"அமுக்கு தாயே!"

புது விண்டோஸ் அந்த 'ஓகே'வுக்குத்தான் காத்திருந்ததுபோல; மடிக்கணினியின் பழைய குரல் பேசத் தொடங்கியது. பிரிண்டர் வினாத்தாளைத் துப்பியது.

"அப்போ இத்தினி வருசமா இருட்டுலயா வேல பாத்துக்கினு இருந்த?"

"கரண்டு மிச்சம்தானே," என்றேன். தாள்களை அடுக்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.