கம்ப்ளெயின்ட் இரண்டு: தலை இடிக்கிறது

1. எழுதிக் கொடுங்கள்

"வண்டியில ஒரு குறையும் இல்லைன்னு எழுதிக் குடும்மா. அத வாங்கிக்கிட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போறேன்."

காலையில் ஷட்டரைத் தூக்கி, ஜாப் கார்டு கட்டைக்கூட நான் இன்னும் பிரிக்கவில்லை. வாசலில் ஒரு சிவப்பு டர்போ செடான் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய மெய்யப்பன் சார் சாவியை என் மேஜைமேல் போட்டுவிட்டுச் சொன்ன முதல் வாக்கியம் இதுதான். அவருக்குப் புதுவயலில் ரைஸ் மில், வீடு கொத்தமங்கலத்தில். அவருடைய டிரைவர் சேகர், பின்னாலேயே பைக்கில் வந்து இறங்கி, சற்றுத் தள்ளி நின்றார்.

"லிட்டருக்குப் பதினெட்டுன்னு சொல்லி வித்தாக. பதினொண்ணு குடுத்துச்சு, சரி போகுதுன்னு விட்டேன். கொஞ்ச மாசமா ஒம்பதுதான். வண்டி குடிக்கலைன்னா அப்ப யாரு குடிக்கிறா? இவன்தான் டியூப்பப் போட்டு உறிஞ்சுறான்!"

வொர்க்‌ஷாப் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. லிஃப்ட்டுக்குக் கீழே வேலை செய்துகொண்டிருந்தவர்கள்கூட வெளியே வந்துவிட்டார்கள். சேகர், "நான் எடுக்கலைங்கய்யா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். 

என் பெயர் மங்கையர்க்கரசி. காரைக்குடியில் பல கம்பெனி வண்டிகளையும் பார்க்கிற ஒரு வொர்க்‌ஷாப்பில் சீனியர் சர்வீஸ் அட்வைசர். மைலேஜ் கம்ப்ளெயின்ட் என்றால் மற்ற அட்வைசர்கள் நைசாக டீ குடிக்கப் போய்விடுவார்கள். எனக்கோ அது அல்வா சாப்பிடுகிற மாதிரி. இதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு, ஒத்துக்கொள்கிறேன். வழக்கமாக, வண்டியில் குறை இல்லை என்றால் கஸ்டமர் முகம் சுருங்கும், எனக்கு நிம்மதியாக இருக்கும். அன்றைக்கு அப்படி இல்லை. வண்டியில் குறை இல்லை என்று நான் எழுதினால், ஒரு மனிதர் திருடன் ஆகிவிடுவார்.

ஜாப் கார்டில் முதல் வரியாக "மைலேஜ் குறைவு" என்று எழுதினேன். பிறகு, "வேற ஏதும் இருக்கா சார்?" என்றேன். இதைக் கேட்காமல் நான் எந்தக் கார்டையும் மூடுவதில்லை.

"தலை இடிக்குது."

"யாருக்கு சார்?"

"எனக்குத்தாம்மா. மில்லுக்கு நான் ஓட்டிக்கிட்டுப் போறப்ப மேல கூரையில இடிக்குது. ஒரு நாளு இடிக்குது, ஒரு நாளு இடிக்கல. என்னத்த வண்டி செஞ்சானுகளோ!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு இரண்டாவது வரியாக அதையும் எழுதினேன்.

2. ஒரு குறையும் இல்லாத வண்டி

டர்போ வண்டியைப் புதிய அட்வைசர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அது சின்ன எஞ்சின்தான். சைலன்சருக்குப் போகிற புகையே ஒரு காற்றாடியைச் சுற்ற, அந்தக் காற்றாடி எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூடத்தான் வேண்டும். மெதுவாக மிதித்தால் சின்ன எஞ்சின் மாதிரி கொஞ்சமாகச் சாப்பிடும். அழுத்தி மிதித்தால் பெரிய எஞ்சின் மாதிரி பறக்கும், அதே மாதிரி சாப்பிடவும் செய்யும். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் கிடைக்காது.

வண்டியை லிஃப்ட்டில் ஏற்றினோம். நாலு சக்கரமும் கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்றின, பிரேக் எங்கேயும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. ஏர் ஃபில்டர் சுத்தம். டர்போவிலிருந்து போகிற ஹோஸ்களில் காற்றுக் கசிவு இல்லை. பெட்ரோல் லைனில் ஈரம் இல்லை. ஸ்கேனரைப் போட்டால் ஒரு எர்ரரும் இல்லை. டயர்களில் மட்டும் காற்று கொஞ்சம் இறங்கியிருந்தது. டிக்கியில் இரண்டு அரிசி மூட்டை.

"சாம்பிளு" என்றார் மெய்யப்பன் சார்.

மூட்டையையும் டயரையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் இவ்வளவு இறங்காது. எங்கள் முதலாளி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "வண்டி நல்லாத்தானம்மா இருக்கு? எழுதிக் குடுத்து அனுப்பு. மிச்சத்த ஸ்டேஷன்ல பேசிக்கிறட்டும். நமக்கு எதுக்கு வம்பு?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் எழுதுறது வண்டியப் பத்தி சார். அவுக படிக்கப்போறது சேகரப் பத்தி. ரெண்டாவது கம்ப்ளெயின்ட இன்னும் பாக்கல, அதையும் பாத்துட்டுத்தான் எழுதுவேன்" என்று சொல்லிவிட்டு டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

நான் குள்ளம். எந்த வண்டியில் ஏறினாலும் சீட்டின் பக்கவாட்டில் இருக்கிற லீவரை நாலைந்து தடவை இழுத்துச் சீட்டை உயர்த்தினால்தான் எனக்கு ரோடு தெரியும். இந்த வண்டியில் அதற்கு வேலையே இல்லை. சீட் பின்னால் தள்ளப்பட்டிருந்தது, ஆனால் உயரம் உச்சியில் நின்றது. ஸ்டியரிங் அடிமட்டத்துக்கு இறக்கப்பட்டிருந்தது. மெய்யப்பன் சாரும் சரி, சேகரும் சரி, ஆறடிக்குக் குறையாத ஆட்கள். அப்புறம் தலை இடிக்காமல் என்ன செய்யும்?

கிளட்ச்சை அழுத்தி விட்டுப் பார்த்தேன். பெடல் ரொம்ப மேலே வந்த பிறகுதான் பிடித்தது. பாதிக் கிளட்ச்சிலேயே வண்டியை இழுத்து ஓட்டினால் பிளேட் இப்படித் தேயும். டிஸ்ப்ளேயில் சராசரி வேகத்தைப் பார்த்தேன். டவுன் பஸ் தேவலை என்று இருந்தது.

ஆக, இந்த வண்டியை மூன்றாவதாக ஓர் ஆள் ஓட்டுகிறார். குள்ளமான ஆள். இன்னும் கற்றுக்கொண்டிருக்கிற ஆள்.

3. மூன்றாவது ஆள்

சேகரை வாட்டர் வாஷ் பக்கம் கூட்டிப்போய், "சீட்டை உசத்தினது யாரு?" என்று நேராகவே கேட்டேன்.

"கேக்காதீகக்கா. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

"உங்கள உள்ள தூக்கி வச்சா அந்த வாக்கா வந்து வெளிய எடுக்கும்?"

"எடுக்காட்டியும் போகுதுக்கா. அவுக பாவம்."

வீட்டு ஆள்தான் என்பது இதிலேயே விளங்கிவிட்டது. மேற்கொண்டு அவரை நான் நோண்டவில்லை. கார்டில் இருந்த வீட்டு நம்பருக்குப் போன் போட்டேன். மெய்யப்பன் சாரின் மனைவி உமையாள் ஆச்சி எடுத்தார்.

"ஆச்சி, வொர்க்‌ஷாப்புலேர்ந்து மங்கை பேசுறேன். வண்டியில ஏறுனா சாருக்குத் தலை இடிக்குதாம். சீட்டை உசத்துறது யாருன்னு தெரிஞ்சா என் ரிப்போர்ட்டு முடிஞ்சிரும். சேகர் பெட்ரோல் திருடுறாருன்னு சார் ஸ்டேஷனுக்குக் கிளம்பிக்கிட்டு இருக்காக."

"அவுகள அங்கயே பிடிச்சு வைங்க. ஆட்டோவுல வாரேன்" என்றார்.

பிரிண்டரில் இங்க் இல்லை என்று சாருக்கு ஒரு பொய்யைச் சொல்லி, டீயையும் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். ஆச்சி ஆட்டோவிலிருந்து இறங்கியபோது, நான் நினைத்தது சரிதான் என்று தெரிந்தது. என்னைவிடக் குள்ளம். யாரையும் பார்க்காமல் நேராகக் கணவர் முன்னால் போய் நின்றார்.

"பெட்ரோலக் குடிச்சது சேகர் இல்ல. நானு."

"நீயா?"

"வண்டி ஓட்டக் கத்துக்கிறேன். நீங்க மில்லுல இறங்கிக்கிட்டு வண்டிய வீட்டுக்கு அனுப்புறீகள்ல, அப்பறம் நம்ம தெருவுலதான். சீட்டை இறக்க மறந்த அன்னைக்கு உங்களுக்குத் தலை இடிக்குது. எல்.எல்.ஆர். எடுத்தாச்சு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சேகர்கிட்ட சத்தியம் வாங்குனதும் நான்தான்."

"உனக்கு எதுக்கு இது? ஆளு போட்டிருக்கேன்ல?"

"இப்படிச் சொல்லுவீகன்னுதான் சொல்லல." ஆச்சி விடவில்லை. "குன்றக்குடிக்குப் போயிட்டு வரயில நெஞ்ச அடைக்குதுன்னு ரோட்டோரமா நிப்பாட்டுனீகளே, மறந்து போச்சா? அன்னைக்குச் சேகர் லீவு. வண்டி இருக்கு, பெட்ரோல் இருக்கு, பக்கத்துல நான் இருக்கேன். ஓட்டத்தான் தெரியல. போற வார வண்டிக்கெல்லாம் கையக் காட்டிக்கிட்டு நின்னேன்."

"அது வெறும் வாயுன்னு டாக்டர் சொல்லலையா?"

"அது ஆசுபத்திரிக்குப் போன பெறகு. ரோட்டுல நின்னவளுக்கு என்ன தெரியும்?"

என் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை. மெய்யப்பன் சாரும் கொஞ்சம் ஆடித்தான் போனார். ஆனால் அத்தனை பேர் முன்னால் இறங்கி வர மனசு வரவில்லை.

"சரி, ஓட்டுன. தெருவுக்குள்ள ஓட்டுனதுக்கா இவ்வளவு குடிக்கும்? இவனும் எடுத்துத்தான் இருப்பான்."

சேகர் சட்டைப் பையிலிருந்து வண்டியின் ஸ்பேர் சாவியை எடுத்து என் மேஜையில் வைத்தார். "வேற ஆளப் பாத்துக்கங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் பைக்கை நோக்கி நடந்தார்.

"சேகர், ஒரே ஒரு ரவுண்டு இருங்க" என்று மறித்தேன். "சார், நீங்களும் வாங்க. வண்டியவே பேசச் சொல்லுவோம்."

4. ஒரே வண்டி, ஒரே ரோடு

மூட்டைகளை இறக்கினேன். டயருக்குச் சரியாகக் காற்றுப் பிடித்தேன். டிஸ்ப்ளேயில் மைலேஜ் கணக்கை ஜீரோ செய்தேன். நாலு பேரும் ஏறினோம். திருமயம் வரைக்கும் சார் ஓட்டட்டும் என்றேன். அவரும் உற்சாகமாகத்தான் ஓட்டினார். முன்னால் ஒரு லாரி தெரிந்தால் போதும், அழுத்துவார், டர்போ விசிலடிக்கும், முந்துவார். அடுத்த லாரிக்குப் பின்னால் போய் பிரேக்கை மிதிப்பார். திருமயத்தில் டிஸ்ப்ளே பதினொன்று என்றது.

"பாத்தியா, நான் ஓட்டுனா பதினொண்ணு" என்றார் பெருமையாக.

திரும்பும்போது ஆச்சி. கைப்பையிலிருந்து எல் போர்டை எடுத்து அவரே ஒட்டினார். பக்கத்தில் சேகர், பின்னால் நானும் சாரும். நான் ஆச்சிக்குச் சொன்னது கொஞ்சம்தான். ஆர்.பி.எம். முள் இரண்டாயிரத்தைத் தொடுவதற்குள் அடுத்த கியர். எஞ்சின் திணறினால் மட்டும் ஒரு கியர் இறக்க வேண்டும். முன்னால் வண்டி நிற்பது தெரிந்தால் தூரத்திலேயே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். கியரிலேயே ஓடவிட்டால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போவது தானாக நின்றுவிடும். நியூட்ரலில் போட்டு மிச்சம் பிடிப்பதாக நினைப்பது வெறும் நினைப்பு, ஆபத்தும்கூட.

வைக்கோல் லாரி ஒன்று முன்னால் போனது. ஆச்சி சாவகாசமாக அதன் பின்னாலேயே போனார்.

"முந்து, முந்து!" என்று என் பக்கத்திலிருந்து சத்தம்.

"போகட்டுமே. அவுகளும் நம்ம ஊருப் பக்கந்தான் போறாக" என்றார் ஆச்சி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கொத்தமங்கலம் விலக்கு வந்தபோது டிஸ்ப்ளேயில் பதினேழரை. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அதே பதினேழரைதான்.

"இப்ப தெருவுல தினமும் கத்துக்கிற மாதிரியே ஓட்டுங்க ஆச்சி" என்று மறுபடி ஜீரோ செய்தேன். பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளுக்கு நடுவே அகலமான, ஆள் நடமாட்டமே இல்லாத தெரு. முதல் கியரில் ஊர்ந்து, பாதிக் கிளட்ச்சில் ரிவர்ஸ் எடுத்து, ஒரு தடவை எஞ்சினை அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தார். ஏசி ஓட ஓட வண்டியை நிறுத்திவைத்துச் சேகர் பாடம் சொன்னார். டிஸ்ப்ளே நாலரைக்கு இறங்கியது.

"சார், ரோட்டுல நீங்க பதினொண்ணு. தெருவுல ஆச்சி நாலரை. ரோடு அதிகம், தெரு கொஞ்சம், ரெண்டையும் கலந்தா ஒம்பது பக்கத்துலதான் வரும். நடுவுல சேகர் எடுக்கிறதுக்குப் பெட்ரோல் எங்க இருக்கு?"

காரைக்குடிக்குத் திரும்பினோம்.

வொர்க்‌ஷாப்பில் இறங்கியதும் சேகர் நேராகப் போய்ப் பைக்கை ஸ்டார்ட் செய்தார். ஆச்சி கணவரைப் பார்த்து, "எல்லார் முன்னாடியும்தானே சொன்னீக?" என்று மட்டும் கேட்டார்.

மெய்யப்பன் சார் என் மேஜையில் கிடந்த ஸ்பேர் சாவியை எடுத்துக்கொண்டு பைக்கிடம் போனார். லிஃப்ட் பக்கம் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரியே பேசினார்.

"நீ எடுக்கல சேகரு. நான்தான் தப்பாப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காத. வண்டிய எடுப்பா."

சேகர் அந்தச் சாவியையே கொஞ்ச நேரம் பார்த்தார். பைக்கை அணைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆச்சி எடுக்கட்டுங்கய்யா. நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்."

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மைலேஜ் கம்ப்ளெயின்ட் வந்தால் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்னால் சீட்டைப் பாருங்கள், யாருடைய கால் மிதிக்கிறது என்று தெரிந்துவிடும். கஸ்டமர் சொல்கிற எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், சிரிப்பு வருவதையும் சேர்த்து. அன்றைக்கு அந்த இரண்டாவது வரியை நான் எழுதாமல் விட்டிருந்தால், முதல் வரி ஒரு மனிதரைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கும்.

அடுத்த சர்வீஸுக்கு ஆச்சியே ஓட்டிக்கொண்டு வந்தார். எல் போர்டு இல்லை. பின் சீட்டில் மெய்யப்பன் சார், முன்னால் சேகர். கார்டை எடுத்து, "மைலேஜ் எப்படி இருக்கு ஆச்சி?" என்றேன்.

"அது கெடக்கு, நல்லாத்தான் குடுக்குது. பின்னாடியிருந்துதான் முந்து முந்துன்னு ஒரே சத்தம். அதுக்கு ஏதாச்சும் பாக்க முடியுமா?"

எல்லாக் கம்ப்ளெயின்ட்டையும் எழுதுகிறவள் நான். அதையும் எழுதிக்கொண்டேன்.