ஃபெரி மேட்டில் அம்மா

அப்பா தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுநர். எங்கள் தீவு நகரமான ஜார்ஜ்டவுனின் குறுகலான தெருக்களில் அந்த நீண்ட வண்டியை அவர் திருப்பும் நேர்த்தியை எங்கள் அடுக்குமாடியில் பலரும் வியந்து பேசியதுண்டு. அப்படிப்பட்டவரின் மனைவி, கட்டணம் செலுத்தி ஓட்டுநர் பள்ளியில் கார் பழகியது உறவினர்களுக்கு நல்ல வேடிக்கையாக இருந்தது. தான் கற்றுக்கொடுத்தால் கார் ஓடும், குடும்பம் ஓடாது என்பது அப்பாவின் வாதம். அம்மாவும் அதை மறுக்கவில்லை.

ஓட்டுநர் தேர்வில் மேட்டுச் சோதனை என்று ஒன்று உண்டு. மேட்டில் ஏறி, கோட்டுக்குள் காரை நிறுத்தி, சற்றும் பின்னால் உருளாமல் மீண்டும் கிளப்ப வேண்டும். அம்மா முதன்முறை அதில்தான் தோற்றார். அடுத்த முறை தேறிவிட்டார் என்றாலும், மேடு என்ற சொல்லைக் கேட்டாலே அவர் முகம் மாறும்.

அந்த நாள்களில்தான் கடலுக்கு அக்கரையில், பெருநிலத்தில் இருக்கும் தாசேக் கெலுகோரில் ஒரு பாலர் பள்ளியில் அம்மாவுக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. தீவிலிருந்து அங்கே போய்வர ஒழுங்கான பேருந்து வசதி இல்லை. அம்மா தமக்குத் தாமே ஒரு நிபந்தனை விதித்துக்கொண்டார். வேலையில் சேர வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தைய நாள், தாமே காரை ஓட்டி, ஃபெரியில் கடலைக் கடந்து, பாகான் டாலாமில் இருக்கும் சித்தப்பா வீட்டை அடைய வேண்டும். முடியாவிட்டால் வேலை வேண்டாம் என்று சொல்லிவிடுவார். தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்தில் சீறிப்பாயும் லாரிகளைவிட ஃபெரி பாதுகாப்பானது என்று அவர் கணக்கிட்டிருந்தார்.

அப்பா முன்னிருக்கையில், அம்மாவுக்கு இடப்பக்கம், கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்தார். நான் பின்னால் இருந்தேன். ஃபெரி கடலில் சென்ற நேரம் முழுவதும் அம்மா காரைவிட்டு இறங்கவில்லை. இயந்திரம் அணைந்திருந்தும் அவருடைய கைகள் ஸ்டீயரிங்கை விடவில்லை.

அக்கரையில் பட்டர்வொர்த் துறையை அடைந்தபோது ஓதம் இறங்கி நீர் வற்றியிருந்தது. நீர் வற்றினால் ஃபெரியின் தளம் தாழ்ந்துவிடும். கரையோடு அதை இணைக்கும் இரும்புப் பலகை மேடாகச் சாய்ந்து நிற்கும். இது எங்களில் ஒருவர் நினைவிலும் இருக்கவில்லை. அந்த மேட்டின் நடுவில், முன்னால் சென்ற கார் திடீரென்று நின்றது. அம்மாவும் நிறுத்தினார். முன்கார் நகர்ந்த பிறகு அம்மா கிளப்ப முயன்றார். கார் குலுங்கி அணைந்தது. மறுபடி முயன்றார், கார் பின்னால் உருண்டு, ஒரு முழம் இறங்கி நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். பின்னாலிருந்த காரின் விளக்குகள் எங்கள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருப்பதைப் போல் தெரிந்தன. ஹார்ன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன.

ஆரஞ்சு நிற மேலங்கி அணிந்த ஃபெரி ஊழியர் ஒருவர் ஓடிவந்தார். நம் ஆள்தான். நேராக அப்பாவின் ஜன்னலுக்கு வந்தார்.

“அண்ணே, நீங்க எடுங்கலா. பின்னுக்கு எல்லாரும் நிக்கிறாங்க.”

அப்பா அவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. “டிரைவர் அவங்கதான் தம்பி. அவங்ககிட்ட பேசு.”

“நீங்களே ஓட்டுங்கப்பா” என்று கெஞ்சினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஊழியர் சுற்றிக்கொண்டு அம்மாவிடம் வந்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு மெதுவாக விடச் சொன்னார்.

“தெரியும் தம்பி,” என்றார் அம்மா. “நீ கொஞ்சம் தள்ளி நில்லு.”

பிறகு இயந்திரத்தின் ஒலி உயர்ந்தது. காரின் முன்பக்கம் லேசாக எழும்பியது. அம்மா ஹேண்ட்பிரேக்கை விடுவித்தார். கார் ஓர் அங்குலமும் பின்வாங்காமல் மேட்டில் ஏறியது. ஊழியர் எங்கள் கூரையைத் தட்டி வழியனுப்பினார். பின்னாலிருந்து பார்க்கையில் அம்மாவின் கழுத்து வியர்வையில் மின்னியது. உலகத்திலேயே பெரிய வாகனத்தை ஓட்டுபவரின் மகள் நான் என்று அன்று நினைத்தேன். அதுவரை அந்தப் பெருமையை அப்பாவின் பேருந்துதான் எனக்குத் தந்திருந்தது.

சித்தப்பா வாசலிலேயே காத்திருந்தார். “என்னண்ணே, பஸ் டிரைவர் பாசெஞ்சரா வந்து எறங்குறீங்க?”

“நல்ல டிரைவர் கெடைச்சா நான் ஏன்லா ஓட்டணும்?” என்றார் அப்பா.

எனக்குக் கோபம் வந்தது. ஆபத்தில் விரலைக்கூட அசைக்காதவர், இப்போது பெருமையில் பங்கு கேட்கிறாரே என்று தோன்றியது. அந்த நேரத்தில்தான் அவர் ஒரு காலில் மட்டும் ரப்பர் ஜப்பான் சிலிப்பர் போட்டு நடப்பதைக் கவனித்தேன். மற்றொன்று கையில் இருந்தது. வார் அடியோடு பிய்ந்திருந்தது. முந்தைய வாரம் பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய புத்தம் புதிய சிலிப்பர் அது. மலிவாக வாங்கினால் இப்படித்தான் என்று சித்தப்பா கேலி செய்தார். எல்லோரையும்விட நான்தான் உரக்கச் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்காமல் அந்தச் சிலிப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அம்மா வேலையில் சேர்ந்தார். அந்த வருமானம்தான் பிற்பாடு என்னைப் பல்கலைக்கழகம்வரை அனுப்பியது. பெண்கள் வேலைக்குச் செல்வதற்குத் தடையாக இருப்பவை எவை என்று ஆராய்வது இன்று என் தொழில். போக்குவரத்து, குழந்தைப் பராமரிப்பு, ஊதியம் என்று எத்தனையோ காரணங்களை எடைபோடுகிறேன். அன்று அப்பா இடம் மாறி உட்கார்ந்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஹார்ன்கள் உடனே ஓய்ந்திருக்கும். அம்மாவும் மறுநாள் வீட்டிலேயே இருந்திருப்பார்.

அந்தப் பயணத்துக்குப் பிறகு பிறந்த என் தம்பிக்குச் சென்ற ஆண்டு கார் பழக்கினேன். ஒரு சந்திப்பில் அவன் வேகத்தைக் குறைக்கத் தாமதித்தபோது, வாய் திறக்கக் கூடாது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். கார் நின்ற பிறகுதான் குதிகால் வலிப்பதை உணர்ந்தேன். குனிந்து பார்த்தால், என் பக்கத்தில் இல்லாத பிரேக்கைத் தேடி, வலது கால் தரைவிரிப்பை மிதித்து அழுத்திக்கொண்டிருந்தது.

சித்தப்பா வீட்டு வாசலில் அப்பா கையில் வைத்திருந்ததும் வலது கால் சிலிப்பர்தான்.