வலது கையின் நான்கு நகங்கள்

கிதார் வாசிக்கிறவனை அவன் கையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். இடது கையில் நகம் இருக்காது. கம்பியை அழுத்த அது இடைஞ்சல். வலது கையில் கட்டைவிரல் முதல் மோதிர விரல் வரை நான்கு நகங்கள் மட்டும் விரல் நுனியைத் தாண்டி ஓர் அரிசி அகலத்துக்கு வளர்ந்திருக்கும். சுண்டு விரலுக்கு வேலை இல்லை. பாட்டுக் கச்சேரிகளில் பிளாஸ்டிக் துண்டால் பரபரவென்று தேய்க்கிறார்களே, அந்தக் கிதாரைச் சொல்லவில்லை. நைலான் கம்பி போட்டு, இடது காலைச் சின்னப் பலகைமேல் தூக்கி வைத்து, விரலாலேயே வாசிக்கிற கிளாசிக்கல் கிதார். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி என்று சுற்றுவட்டாரம் முழுக்கத் தேடினாலும் அதை வாசிக்கிறவன் நான் ஒருத்தன்தான். வேறு யாராவது இருந்தால் கூட்டிவாருங்கள், பார்ப்போம்.

நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். வளைகுடா ஓட்டல் ஒன்றில் தட்டுக் கழுவப் போனேன். அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு வெள்ளைக்காரர் வாசிப்பார். பரிமாறுகிறவர்கள் கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் அந்த வாசிப்பு துண்டு துண்டாக என் காதில் விழும். அந்தத் துண்டுகளை ஒட்டித்தான் முதல் பாட்டைப் படித்தேன். குரு என்று சொல்ல ஒருவர் கிடையாது. ஐந்து கோடு போட்ட இசை எழுத்தை முப்பது வயதில் தட்டுத் தடுமாறிக் கற்றேன். இன்றைக்குத் தமிழ்ப் பேப்பரைவிட அதைத்தான் வேகமாகப் படிப்பேன். வெள்ளைக்காரர் ஊருக்குப் போனதும் அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். எந்தக் கூடத்தின் எச்சில் தட்டைக் கழுவினேனோ அதே கூடத்தில்.

நகம் என்றால் சும்மா வளர்த்துவிடுவதில்லை. தினமும் அரத்தால் ராவி, நைசான உப்புத்தாளால் தேய்த்து, ஓரத்தைக் கண்ணாடி மாதிரி வைத்திருக்க வேண்டும். அந்த ஓரம் கம்பியில் சரிந்து வழுக்கினால் தேன். நேராக மோதினால் தகரம். சாப்பிடுகிற இடத்தில் கரண்டிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதால் என் நகச் சத்தம் பெரியது. அதில் எனக்குப் பெருமை உண்டு.

வளைகுடாவிலும் பிறகு சென்னைக் கடலோர ஓட்டலிலுமாக முப்பது வருஷத்துக்கு மேல், சாப்பிடுகிறவர்களுக்குத்தான் வாசித்தேன். அறுபத்து மூன்றாம் வயதில்தான் முதன்முதலாகச் சென்னையில் ஒரு சங்கீத சபையிலிருந்து கூப்பிட்டார்கள். நூறு நாற்காலி போட்ட சின்ன அரங்கு. மைக் கிடையாது. ஒன்றரை மணி நேரம், நான் மட்டும். கேட்பதற்கென்றே வருகிறவர்கள். அதற்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது பரளச்சிக்குப் பக்கத்தில் என் ஊரில் அப்பா இறந்துபோனார். கிதாரோடு அப்படியே வண்டி ஏறினேன்.

எங்களில் கொள்ளி வைக்கிற மூத்த மகனுக்கு மொட்டை, மீசை, நகம் மூன்றையும் எடுத்துவிட வேண்டும். மொட்டையும் மீசையும் எனக்கு நினைவில் இருந்தன. நகத்தை மறந்துவிட்டேன். வறண்ட கண்மாய்க் கரையில், தண்ணி வண்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலையை மழித்து முடித்தவர் நகவெட்டியைக் கையில் எடுத்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது. சட்டென்று இடது கையை நீட்டினேன்.

"இதுல எங்கண்ணே நகம் இருக்கு? அந்தக் கையக் குடுங்க."

"இதோட விடுங்க" என்றேன் மெதுவாக.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றிருந்தார். காது மட்டும் அவருக்கு இன்னும் இருபது வயசு.

"என்னலே மொணங்குற?"

"சித்தப்பா, இது தொழிலுக்கு வேணும். பன்னெண்டாம் நாளு கச்சேரி."

"தொழிலா? பொம்பள மாதிரி நகத்த வளத்து வச்சிருக்கியேன்னு நானும் வந்ததுலேருந்து பாக்குறேன். ஏலே, அவுக ஒன்னப் பெத்தவுகல்ல? நாலு நகத்துக்குக் கணக்குப் பாக்குறியே!"

கரையில் நின்ற கூட்டம் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். பாடை பக்கத்தில் இருந்தது; வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எல்லாரும் என் வலது கையையே பார்த்தார்கள். எத்தனையோ மேனேஜர்களை எதிர்த்துப் பேசியவன் நான். அந்த இடத்தில் எதிர்க்காமல் கையை நீட்டினேன். நான்கே சத்தம். அழுதேன். அப்பாவுக்காக அழுகிறான் என்று எல்லாரும் சமாதானம் ஆனார்கள். அப்பாவுக்கும் சேர்த்துத்தான் அழுதேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்பதாம் நாள் கருமாதி. அதுவரைக்கும் கொள்ளி வைத்தவன் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அந்த ஊரில் முதல் மாடி வீடு நான் கட்டியது. கிரில் கேட், கிரானைட் தரை எல்லாம் என் யோசனைதான். அந்த வீட்டுக்குள் ஒன்பது நாள், வெள்ளை வேட்டியோடு, பாயில். அதே அறையின் மூலையில் அம்மா. புருஷனை இழந்தவளை மூலையில் உட்காரவைத்திருந்தார்கள்; அவளும் கருமாதி வரைக்கும் எழுந்து வெளியே வரக் கூடாது. ஆளுக்கொரு சுவரில் சாய்ந்திருந்தோம். முன்வாசல் பந்தலில் காவல் மாதிரி சித்தப்பா.

துக்க வீட்டில் டிவியைக்கூடத் துண்டு போட்டு மூடிவிட்டார்கள். கிதாரை எப்படி எடுப்பேன்? ஆனால் பெட்டியைத் திறக்காமலும் இருக்க முடியாது. எங்கள் ஊர் வறண்ட காற்றுக்குக் கிதாரின் மெல்லிய பலகை வெடித்துவிடும் என்று ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் ஈரப் பஞ்சு வைத்திருந்தேன். அதை நனைக்கிற சாக்கில் எடுத்து, கம்பிக்கு அடியில் துண்டைச் செருகி, சத்தம் வராமல் விரலை மட்டும் ஓட்டுவேன். காலையில் எழுந்ததும் நகத்தைத்தான் பார்ப்பேன். மூன்று நாளில் ஒரு நூல்கூட வளரவில்லை.

நகம் ஒடிந்தால் பிங்பாங் பந்தை வெட்டி, சூப்பர் க்ளூ போட்டு விரலில் ஒட்டிக்கொள்வது கிதார்க்காரர்கள் வழக்கம். வளைகுடாவில் என்னோடு சமையல்கட்டில் இருந்த பாய் இப்போது அருப்புக்கோட்டையில் கடை வைத்திருக்கிறார். அவருக்கு போன் போட்டேன். நான்காம் நாள் துக்கம் கேட்க வந்தவர் மடியிலிருந்து ஒரு பந்தை எடுத்துக் கொடுத்தார். ஆரஞ்சுப் பந்து.

"ஏன் மாப்ள, வெள்ள கெடைக்கலயா?"

"டவுனு பூரா அலஞ்சேன் மாப்ள. கிரிக்கெட்டுப் பந்து வேணுமாங்கிறான், நாய்க்குப் போடுற பந்து வேணுமாங்கிறான். துக்க வீட்டுக்குப் பந்து வாங்குனவன் உலகத்துலயே நான் ஒருத்தந்தேன்."

அவர் போனதும் கத்தரியால் நான்கு துண்டு வெட்டி ஒட்டினேன். மொட்டைத் தலை, வெள்ளை வேட்டி, ஆரஞ்சு நகம். கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டே சாப்பாட்டு நேரத்தை ஓட்டினேன். அம்மா பார்த்துவிட்டாள்.

"மருதாணியாடா அது?"

விவரம் சொன்னேன்.

"என்னமோ தடவிக்கிட்டே இருக்க. சத்தத்தக் காணோம்."

"துக்க வீடும்மா."

"அறுவத்தஞ்சு வருசமா அவுக இருமல் சத்தத்துலதான் தூங்குனேன். நாலு நாளா அதுவும் இல்ல. காது அடச்ச மாதிரி இருக்கு. வாசலுக்குக் கேக்காம வாசிடா."

அம்மா அதுவரை என் வாசிப்பைக் கேட்டதில்லை. ஊருக்கு வருகிற போதெல்லாம் வீட்டைக் காட்டுவேன், போட்டோவைக் காட்டுவேன். கிதாரைக் கொண்டுவந்ததே இல்லை. கம்பிக்கு அடியில் இருந்த துண்டை உருவிவிட்டு மெல்ல ஒரு கம்பியைத் தொட்டேன். பந்து நகம் தகரத்தில் கல் விழுந்த மாதிரி அலறியது.

"உள்ள யாருலே ரேடியா போட்டது?" என்று பந்தலிலிருந்து சித்தப்பா.

"கிண்ணி விழுந்துருச்சு கொழுந்தனாரே" என்றாள் அம்மா. பொய் சொல்லும்போது அவள் குரல் அவ்வளவு தெளிவாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

வெந்நீரில் விரலை ஊறவைத்து நான்கையும் பிய்த்தேன். கொஞ்சம் தோலும் வந்தது. பிறகு வெறும் சதையால் வாசித்தேன். இத்தனை வருஷத்தில் நான் அப்படி வாசித்ததே கிடையாது. சத்தம் கிதாரைவிட்டுக் கொஞ்ச தூரம் போய் அங்கேயே நின்றுவிட்டது. அம்மா நகர்ந்து நகர்ந்து என் பாய்க்கே வந்துவிட்டாள். மூலையைவிட்டு வரக் கூடாது என்பதை இரண்டு பேருமே சொல்லவில்லை.

"நல்லாத்தான்டா இருக்கு. ஆனா இம்புட்டு மெதுவா வாசிச்சா ஓட்டல்ல திங்கிறவனுக்கு எப்படிக் கேக்கும்?"

"கேக்காதும்மா. ஓங்கித்தான் அடிப்பேன்."

"ஓங்கி அடிச்சா கேப்பானா?"

கருமாதிக்கு ஐந்து நாள் மிச்சம் இருந்தது. விரல் நுனி சிவக்கச் சிவக்க அந்த மெதுவான சத்தத்தையே பழகினேன். வேறு வழி இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் போகாத சத்தம் அது ஒன்றுதான்.

கருமாதி முடிந்து பதினோராம் நாள் பஸ் ஏறினேன். அரங்குக்குப் போனதும் முதல் வேலையாக என் பெருமைக்குரிய உருப்படியைப் பட்டியலிலிருந்து அடித்தேன். மூன்று விரல் ஒரே கம்பியை மாறி மாறித் தட்டி, சத்தம் அறாத நூல் மாதிரி ஓடவேண்டிய உருப்படி அது. நகம் இல்லாமல் நடக்காது. அதைக் கேட்டுவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சபைக்காரரின் முகம் சுருங்கியது.

"மொட்டை சரி சார், அதுக்கென்ன? நகம்கூடவா எடுப்பாங்க?" என்றார்.

"எடுத்தாங்க" என்றேன்.

கரண்டிச் சத்தம் இல்லாத இடத்தில் நான் வாசித்ததில்லை. அத்தனை பேரும் வாயை மூடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது கண்மாய்க் கரை மாதிரியே இருந்தது. எழுந்து ஓடவும் முடியாது. வாசித்தேன். இரண்டாவது உருப்படி முடியும்போது கடைசி வரிசையில் மூன்று பேர் எழுந்தார்கள். அவ்வளவுதான், கேட்கவில்லை, போகிறார்கள் என்று நினைத்தேன். என் நகம் இருந்திருந்தால் பின்சுவரில் மோதித் திரும்பி வந்திருக்கும் சத்தம்.

அவர்கள் கதவுப் பக்கம் போகவில்லை. செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு முன்னால் வந்து, என் கால் பலகைக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

அடுத்ததில் இரண்டு இடம் தவறினேன். அவர்கள் எழுந்திருக்கவில்லை.