வெண்ணெய் உருகாத காலை

ஒலிவ் டன்ஸ்டனுக்கு எங்கள் ஊரில் ஒரு பெயர் உண்டு: அழுத்தக்காரி. அந்தப் பெயரை வைத்தவர்களில் நானும் ஒருவன், அதற்காக நான் வெட்கப்படவும் இல்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பாள்.

எங்கள் வைதேரேயில் அரசின் பொதுப் பொறுப்பாளர் அலுவலகம் என்றால் அவள்தான். ஊரார் உயில்களை எழுதி வாங்கி, அலுவலகத்தின் பின்கட்டில் இருந்த செங்கல் பாதுகாப்பு அறைக்குள் வைத்து, இரும்புக் கதவைப் பூட்டுவாள். நான் அடுத்த கடையில் செருப்பு தைப்பவன். சுவர் வழியாகத் தட்டச்சுச் சத்தம் கேட்டால், யாரோ வீட்டில் சண்டை என்று தெரிந்துகொள்வேன். ஆம்புரோஸ் டில்லர் என்ற ஆட்டுப்பண்ணைக் கிழவர் மட்டும் வருடத்துக்கு மூன்று தடவை வருவார். சூப்பில் உப்பு கூடினால், இருபது வருஷமாக வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஐடா பாஸ்கோவை உயிலிலிருந்து எடுத்துவிடுவார். தம்பி மகன் செசில் பிறந்தநாளுக்குக் கடிதம் போடாவிட்டால் அவனை எடுத்துவிடுவார். கடைசியாக வந்தபோது யாரை எடுத்தார், யாரைச் சேர்த்தார் என்பது ஒலிவுக்கு மட்டுமே தெரியும். ஐடா அவளுடைய பள்ளித்தோழி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இருவரும் சேர்ந்து தேநீர் குடிப்பார்கள். அப்போதும் மூச்சு விட்டதில்லை.

எங்கள் நாட்டில் ஜூலைதான் நடுக்குளிர்காலம், அந்தக் குளிரில் நிலநடுக்கம் வந்தது. மதுக்கடைப் புகைபோக்கி டில்லர் தலையில் விழுந்தது, மனிதர் அங்கேயே போய்விட்டார். பிறகு கடைத்தெரு பற்றிக்கொண்டது. என் கடை போயிற்று, அலுவலகமும் போயிற்று. மறுநாள் சாம்பலுக்கு நடுவே பாதுகாப்பு அறை மட்டும் ஒற்றையாய் நின்றது.

ஒலிவ் அதன் கதவுக்கு முன் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நிவாரணப் பொருள்களைப் பங்கிடும் பொறுப்பையும் அரசு அவள் தலையில்தான் கட்டியிருந்தது. கூடாரம், கம்பளி, மண்ணெண்ணெய் அடுப்பு எல்லாம் அவள் கையால்தான். வரிசையில் நின்று என் முறை வந்ததும் ஆரம்பித்தேன்.

"ஒண்ணுமே மிஞ்சலம்மா. ஒரு கூடாரம், மூணு கம்பளி குடுங்க."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, மிஸ்டர் ஹேக்."

அவ்வளவுதான் சொன்னாள். ஆற்றங்கரையில் எனக்கு இருக்கும் வீட்டை என் தங்கைக்கு எழுதிய உயிலைத் தட்டச்சு செய்தவளே இவள்தான் என்பது அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. "ஒரு கம்பளி போதும்" என்று வாங்கிக்கொண்டு நகர்ந்தேன். எனக்குப் பின்னால் நின்றவர்களில் நாலு பேர் சத்தமில்லாமல் வரிசையை விட்டுக் கழன்றார்கள்.

மூன்றாம் நாள் வெலிங்டனிலிருந்து செசில் வந்து இறங்கினான். குன்றின்மேல் இருந்த டில்லர் வீட்டில் ஒரு ஓடுகூட நகரவில்லை. உயில் இல்லையென்றால் ரத்த உறவு என்ற முறையில் வீடு அவனுக்கு. ஐடாவிடம், "சனிக்கிழமைக்குள்ள காலி பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு, கடப்பாரையும் கையுமாக ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு ஒலிவிடம் வந்தான்.

"கதவை உடைச்சுப் பாத்துருவோம் மேடம். உள்ள சாம்பல்தான் இருக்கும்."

"இப்பத் திறந்தா நிச்சயம் சாம்பல்தான். உள்ள அடுப்பு மாதிரி கொதிக்குது. காத்து பட்ட உடனே அத்தனை தாளும் குப்புனு பத்திக்கும்."

"அப்ப எப்பத்தான் திறப்பீங்க?"

ஒலிவ் மேசையில் தன் ரொட்டிக்கு வைத்திருந்த வெண்ணெயில் ஒரு விரல் அளவு எடுத்துக் கதவில் அப்பினாள். அது வழிந்து இறங்கியது. "இது காலையில வச்சு மத்தியானம் வரைக்கும் அப்படியே நிக்கணும். அன்னிக்குத் திறப்பேன்."

செசில் கடப்பாரைக்காரனுக்குக் கண்ணைக் காட்டினான். ஒலிவ் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கதவில் முதுகு ஒட்ட உட்கார்ந்தாள். சூடு தாங்காமல் முகம் சிவந்தது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. கடப்பாரைக்காரன் எங்கள் ஊர்க்காரன், அவன் உயிலும் உள்ளேதான் இருந்தது. "எனக்கு வேற வேலை இருக்கு சார்" என்று போயே போய்விட்டான்.

அதற்குப்பின் தினமும் காலையில் ஊரே வெண்ணெய் பார்க்க வந்தது. உண்மையைச் சொன்னால் பாதிப்பேர் வந்தது அந்தச் செங்கல் சுவரில் முதுகைச் சாய்த்துக் குளிர் காய்வதற்கு. நானும் தேநீர்க் குவளையைச் சுவரோரம் வைத்துச் சூடாக்கியிருக்கிறேன். பால்காரர் மட்டும், நல்ல வெண்ணெய் வீணாகிறதே என்று தினமும் புலம்பினார்.

வெள்ளிக்கிழமை ஐடா வந்தாள். பார்த்ததும் எங்கள் சிரிப்பு அடங்கிவிட்டது.

"நாளைக்கு நான் தெருவுல நிக்கணும், ஒலிவ். உனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லு. ஆமாவா, இல்லையா?"

"நான் சொன்னா அது வெறும் வாய்ப்பேச்சு ஐடா. தாள் சொன்னாத்தான் சட்டம்."

"சட்டத்துக்கா கேக்குறேன்? ராத்திரி தூங்குறதுக்குக் கேக்குறேன்."

ஒலிவ் அழகாக மடித்த ஒரு கூடாரத்தையும் இரண்டு கம்பளிகளையும் எடுத்து, பேரேட்டில் ஐடா பாஸ்கோ என்று எழுதி, கையெழுத்துக்காகப் பேனாவை நீட்டினாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவளை உலுக்கியிருப்பேன். ஐடா கையெழுத்துப் போட்டாள். சனிக்கிழமை முதல் சாம்பல் மேட்டில், அந்த அறைக்குப் பத்தடி தள்ளி, கூடாரத்தில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒலிவ் இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றினாள், ஒன்று ஆறிப்போய் அப்படியே கிடந்தது.

பதினோராம் நாள் மத்தியானம் வெண்ணெய் வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது. ஒலிவ் சாவியைப் போட்டாள். கதவு முனகிக்கொண்டு திறந்தது. உள்ளே ரொட்டிக்கடை வாசம் அடித்தது. உயில்களின் ஓரங்களெல்லாம் பழுப்பேறிச் சுருண்டிருந்தன, ஆனால் ஒன்றும் எரியவில்லை. டில்லருடையதை எடுத்து, செசில் முன்னிலையில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள். குன்றின்மேல் உள்ள வீடும் அதைச் சேர்ந்த நிலமும் ஐடா பாஸ்கோவுக்கு. செசிலுக்குக் கிழவரின் கைக்கடிகாரம். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தான்.

நாங்கள் கை தட்டினோம். ஐடா தட்டவில்லை.

"இத்தனை நாளும் இது உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் குளிர்ல நடுங்குறதப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்த."

"பாத்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றாள் ஒலிவ். குரல் உடைந்தது. அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

சரி, இந்தச் சிநேகம் இத்தோடு முடிந்தது என்றே நான் நினைத்தேன். ஆனால் ஐடா, வரிசையில் வருபவர்களுக்குப் போடும் முக்காலியை இழுத்து, மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"தாள் எடு. இப்ப எனக்குன்னு ஒரு வீடு இருக்கு. உயில் எழுதணும்." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மிஸ்டர் ஹேக், நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க."

போனேன். வீட்டை யாருக்கு எழுதினாள் என்று ஒலிவிடம் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். அந்த அழுத்தக்காரி இன்னும் சொல்லவில்லை.